முதல் தொகுதி

படம் நேற்று இரவுதான் வெளியில வந்தது.
கொம்பனி இன்னும் வாய் திறக்கேல்லை.
மூடி கழட்டின கொன்சோல், மேலயிருந்து எடுத்தது,
எடுத்தவன்ர விரல் நிழல் ஒரு மூலையில.

எல்லாரும் பெட்டியின்ர வடிவைப் பற்றிக் கதைக்கினம்.
படுத்த சுறா மாதிரி எண்டு ஒருத்தன்,
அயன் பெட்டி எண்டு இன்னொருத்தன்.
நான் ஸ்குறூக்களை எண்ணுறன்.
பதினாலு.
ஸ்ரிக்கருக்குக் கீழ இன்னும் இரண்டு ஒளிச்சிருக்கும்,
அது எனக்குத் தெரியும்.

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
கீழ அவை கல்லுப் பாக்கிற அதே கண்ணாடியால
நான் சிப்பின்ர கால்களைப் பாக்கிறன்.

பெரிய விசிறி ஒண்டு. நல்லது.
ஆனால் காத்து இழுக்கிற வாய் அடியில.
இதைக் கீறினவைக்குச் சோளகக் காத்தையும்
குருநகர் உப்பையும் ஆர் சொல்லுறது?
ஆறு மாசம்,
உள்ளுக்க சாம்பல் கம்பளி ஒண்டு படிஞ்சிடும்.
சிப்புக்கு மேல பசை இல்லை, திரவ உலோகம்.
நிமித்தி வைச்சால் ஒழுகுமோ எண்டு
பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தன்.
சுத்திவர நுரையால வேலி போட்டிருக்கினம்.
கெட்டிக்காரர்.
நினைவகத்தைப் பலகையோட சேத்து ஒட்டிப்போட்டினம்.
அதுக்கு ஒரு தூசணம் சொன்னன்.
ஆருக்கும் கேக்கேல்லை.

பேந்து கொன்றோலர்.
இடது குச்சியின்ர அடியை நெடுநேரம் பாத்தன்.
கரித் தடம் இல்லை, தேயிற தகடு இல்லை.
ஒரு காந்தம், ஒரு சின்னச் சென்சர்,
நடுவில வெறும் வெளி.
குச்சி எந்தப் பக்கம் சாயுது எண்டு
தொடாமலே அறியும்.
தொடாததால தேயாது.

என்ர வாடகையின்ர அரைவாசி
அந்தத் தேய்வுதான்.
ஆரும் அசைக்காமலே ஆள் இடப்பக்கம் நடக்கும்,
"அக்கா, பேய் பிடிச்சிட்டுது" எண்டு
கொக்குவில் பெடியள் கொண்டு வருவாங்கள்.
ஆயிரத்து ஐந்நூறு. பதினைஞ்சு நிமிசம்.

அமலதீபனுக்கு எண்ணூறு.
ஐஸ் கொம்பனியில இரவு வேலை,
பெருவிரல் இரண்டும் குளிரில வெடிச்சிருக்கும்.
இரண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவார்,
எப்பவும் இடது குச்சி,
எப்பவும் பழைய சேட்டில சுத்தி.
ஒருமுறை பலகைக்குக் கீழ மீன் செதில் ஒண்டு கிடந்தது.
போனமுறை திறந்தன்:
தடம் புதுசு மாதிரி.
அளந்தன். பிழை ஒண்டுமில்லை.
மூடினன். எண்ணூறை வாங்கினன்.
ஏன் எண்டு நான் கேக்கேல்லை,
அவரும் சொல்லேல்லை.

இண்டைக்கு வந்தார். கையில சேட் இல்லை.
போனில அதே படம்.
"சித்திரைக்கு வருமாம். முற்பணம் கட்டப் போறன்.
என்ன சொல்லுறியள்?"

உள்ளதைச் சொன்னன்.
இனிக் குச்சி பழுதாகாது.
"ஒருநாளும்?"
"பத்து வருசத்துக்கு."

அவர் போனைப் பாத்தார்.
நான் ஈயக்கோலின்ர நுனியைத் துடைச்சன்,
துடைச்ச நுனியைத் திருப்பியும்.
கீழ நகைக்கடையில ஆரோ எதையோ
மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தினம்.

படத்தைப் பெருப்பிக்க விரலை அகட்டினார்.
வெடிச்ச தோலைத் திரை மதிக்கேல்லை.
இரண்டு தரம். மூண்டு தரம்.
குனிஞ்சு, என்ர விரலால அகட்டிக் குடுத்தன்.
"இந்த விசிறியைப் பாருங்கோ,
மூண்டாவது இதழ் ஓரத்தில உரசும்."
உரசாது.
உந்தப் படத்தில இதழே வடிவாத் தெரியாது.
"முதல் தொகுதி எப்பவும் உப்பிடித்தான்" எண்டன்,
"கனக்கச் சத்தம் வரும்.
வந்தால் கொண்டு வாங்கோ."

போனைச் சட்டைப் பைக்குள்ள வைச்சார்.
படி இறங்கப் போனவர் நிண்டு சொன்னார்:
"அப்ப முதல் தொகுதியிலயே எடுக்கிறன்."